கிளினிக் கொப்பியைக் காட்டி மருந்து வாங்குங்கள்



தொண்டை நோவா, காய்ச்சலா, சலக்கடுப்பா? திகன டவுனுக்குப் போய்ப் பாமசியில் "ஒரு அன்டிபயோட்டிக் தாங்க" என்று கேட்டு நாலு கெப்சூல் வாங்கி வருவது நம்மில் பலருக்குப் பழகிப்போன காரியம். டொக்டரின் துண்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது என்பது சட்டம். வாங்குகிறவர் கர்ப்பிணியாக இருந்தால் சட்டத்தை விடப் பெரிய காரணமும் இருக்கிறது: தாய் விழுங்கும் மருந்து பெரும்பாலும் பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

வீட்டு அலுமாரியிலிருந்தே தொடங்குவோம். வயல் வேலைக் காலத்தில் எலிக்காய்ச்சல் வராமலிருக்க, சுகாதாரப் பகுதியினர் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் கெப்சூல் கொடுப்பார்கள். வயலில் இறங்கும் கணவருக்கு அது நல்ல மருந்து. கர்ப்பிணியான மனைவி அதைத் தொடக்கூடாது. இந்த மருந்து டெட்ராசைக்கிளின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாலைந்து மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் பற்களும் எலும்புகளும் உறுதியாகும்போது, இந்தக் குடும்பத்து மருந்துகள் கல்சியத்தோடு ஒட்டி அங்கேயே தங்கக் கூடியவை. பால்பல் முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ முளைக்கலாம்.

இன்னொன்று, கோ-ட்ரைமொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக். கிளினிக்கில் போலிக் அமில வில்லை தருகிறார்களே, பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் சரியாக உருவாகத்தான் அது. அந்தப் போலிக் அமிலத்தின் வேலைக்கே இந்த மருந்து தடை போடும். அதனால் முதல் மூன்று மாதங்களில் டொக்டர்மார் இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் பிள்ளை பிறக்கும்வரை எந்த மருந்தும் வேண்டாம்" என்று முடிவெடுக்காதீர்கள். ஆபத்து அந்தப் பக்கமும் உண்டு. 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு, எரிவோ நோவோ இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். கிளினிக்கில் சிறுநீர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கவனிக்காமல் விட்டால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறலாம். அப்போது குளிர் காய்ச்சலும் இடுப்பு நோவும் வரும். மாதம் நிறையாமலே பிரசவ வலி எடுக்கலாம். இந்தக் கிருமித் தொற்றுக்குக் கர்ப்பிணிகளுக்குப் பொருத்தமான மருந்துகள் இருக்கின்றன. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் பல காலமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வருபவை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெனிசிலின் பிள்ளையைக் காக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் அத்தாட்சி உண்டு. சிபிலிஸ் நோய் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைக் கிளினிக்கில் சோதித்து, நோய் உள்ளவர்களுக்கு உரிய நேரத்தில் பெனிசிலின் ஊசி போட்டதன் பலன் அது. ஆக, அன்டிபயோட்டிக் பிள்ளையைக் காப்பாற்றவும் செய்யும். எந்த மருந்து, எத்தனையாவது மாதத்தில், எத்தனை நாளைக்கு என்பதைத் தீர்மானிக்கிறவர் டொக்டராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாதாரணத் தடிமன் வைரசால் வருவது. அதற்கு அன்டிபயோட்டிக் எதுவும் செய்யாது. போன தடவை மிஞ்சிய வில்லையையும், பக்கத்து வீட்டு அக்கா தரும் வில்லையையும் வாங்கிப் போடாதீர்கள். டொக்டர் தந்ததை, உடம்பு லேசாகிவிட்டது என்று நீங்களாக இடையில் நிறுத்தவும் வேண்டாம். வயிற்றோட்டமோ உடம்பில் தடிப்போ வந்தால் உடனே டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கண்டிக்குப் போனாலும், பல் டொக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக, "நான் கர்ப்பிணி, இத்தனையாவது மாதம்" என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை நீட்டுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் அதையும் சொல்லுங்கள். தெரியாமல் ஏதாவது மருந்து குடித்துவிட்டீர்களா? பயந்து மறைக்க வேண்டாம். மருந்தின் பெட்டியையோ கார்ட்டையோ எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் போங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அவர் வழி காட்டுவார்.