பிரேக் எங்கே நிறுத்தும்?

(கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



சி++ பாடத்தில் ஸ்விட்ச் கூற்றைப் பதினொன்றாம் வகுப்பில் நடத்துகிறோம். 'ஒவ்வொரு கேஸின் முடிவிலும் பிரேக் எழுத வேண்டும்' என்று மாணவர்கள் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறார்கள். ஏன் எழுத வேண்டும் என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். அந்த 'ஏன்' பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சி++ இந்தக் கூற்றைச் சி மொழியிலிருந்து பெற்றது. சி மொழியை டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். யூனிக்ஸ் இயக்க முறைமையை எழுதப் பயன்பட்ட மொழி அது. அதில் கேஸ் என்பது வெறும் அடையாளம். ஸ்விட்ச் மதிப்பைப் பார்த்து, பொருந்தும் அடையாளத்துக்குத் தாவும். அதன்பின் வரிகளை வரிசையாக நிறைவேற்றிக்கொண்டே போகும். நடுவில் வேறு கேஸ் வந்தாலும் நிற்காது.

பிள்ளைகளுக்குப் பேருந்தைச் சொல்லுங்கள். எந்த நிறுத்தத்தில் ஏறுவது என்பதைக் கேஸ் சொல்கிறது. எங்கே இறங்குவது என்பதைப் பிரேக் சொல்கிறது. பிரேக் இல்லையென்றால் கடைசி நிறுத்தம் வரை போக வேண்டியதுதான்.

இதைக் கணினி இல்லாமலே செய்து காட்டலாம். தொடக்கப்பள்ளியிலும் விளையாட்டாக நடத்தலாம். ஞாயிறு முதல் சனி வரை ஏழு அட்டைகளுடன் ஏழு பேரை நிறுத்துங்கள். 'மூன்று' என்றதும் செவ்வாய் தன் பெயரைச் சொல்ல வேண்டும். தொடர்ந்து புதன், வியாழன் என்று சனி வரை எல்லோரும் சொல்ல வேண்டும். பிறகு செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவே 'பிரேக்' அட்டையுடன் ஒருவரை நிறுத்துங்கள். செவ்வாயோடு நின்றுவிடும். விளக்கம் தேவைப்படாது.

பிரேக் இல்லாமல் விடுவது எப்போதும் பிழையன்று. மாதத்தின் நாள்களைக் கணக்கிடும்போது 4, 6, 9, 11 ஆகிய நான்கு கேஸ்களையும் அடுத்தடுத்து எழுதி, முடிவில் ஒரே முறை 30 என்று கொடுத்தால் போதும். வேண்டுமென்றே விட்டதா, மறந்து விட்டதா என்பதே கேள்வி. பின்னாளில் வந்த கோ மொழியில் ஒவ்வொரு கேஸும் தானாகவே நின்றுவிடும். 2017ஆம் ஆண்டின் சி++ தரத்தில், 'தெரிந்தே விட்டிருக்கிறேன்' என்று குறிக்கவும் வழி வந்தது.

இன்னொரு நுட்பம் உண்டு. பிரேக், இஃப் கூற்றிலிருந்து வெளியேற்றாது. அந்த இஃப்பைச் சூழ்ந்துள்ள ஸ்விட்ச் அல்லது மடக்கிலிருந்தே வெளியேற்றும். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலையமைப்பு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் தடுமாறியது. 114 இணைப்பகங்கள் ஒன்றையொன்று மாறி மாறிச் செயலிழக்கச் செய்தன. சி மொழி நிரலில், ஸ்விட்ச்சுக்குள் இருந்த இஃப்பில் தவறாக இடம்பெற்ற ஒரு பிரேக்தான் காரணம். செய்திருக்க வேண்டிய வேலையைத் தாண்டி அது வெளியே குதித்துவிட்டது. இலக்கணப்படி நிரல் சரி. அதனால் நிரல்பெயர்ப்பி அதைப் பிழையென்று காட்டவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வில் 'ஸ்விட்ச் கூற்றின் பொதுவடிவம் எழுதுக' என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு நிரலைக் கொடுத்து, அதில் ஒரு பிரேக்கை நீக்கிவிட்டு, 'வெளியீடு என்ன?' என்று கேளுங்கள். கணினியில் இயக்கும் முன் தாளில் வரிவரியாகப் பின்தொடர்ந்து விடை எழுதட்டும். மனப்பாடம் செய்தவர் யார், புரிந்துகொண்டவர் யார் என்பது அந்த ஒரு வினாவிலேயே தெரிந்துவிடும்.