தீக்குத் தப்பிய ஏடுகள்



பழைய நூல்களைத் திரட்டுவோரைக் கண்டு நகைப்பவர் உண்டு. "படிக்கவா, பூட்டி வைக்கவா?" என்று அவர்கள் வினவுவார்கள். அவ்வினாவுக்கு யூதர்களின் சட்ட நூல் வரலாற்றிலிருந்து விடை கூற விரும்புகின்றேன்.

யூதர்களின் சமய ஆசான்களை ரபிகள் என்பர். வழிபாடு, திருமணம், கொடுக்கல் வாங்கல் முதலியவற்றுக்கு அவர்கள் வகுத்த நெறிகளும், அவை பற்றி நிகழ்த்திய வாதங்களும் அடங்கிய பெருநூல் தால்முத் ஆகும். வெனிஸ் நகரில் டேனியல் பொம்பெர்க் என்ற கிறிஸ்தவர், 1520 முதல் 1523 வரை பாபிலோனியத் தால்முத் முழுவதையும் முதன்முதலாக அச்சிட்டு முடித்தார். நடுவில் மூலம், உட்புறம் ராஷி என்ற பேராசானின் உரை, வெளிப்புறம் பின்வந்தோர் விளக்கம். அவர் பதிப்பின் ஏட்டெண்களே இன்றும் வழங்குகின்றன. வகுப்பில் மாணவர் கையில் வெவ்வேறு பதிப்புகள் இருந்தால், பக்கம் தேடுவதிலேயே பாதி நேரம் கழிந்துவிடும். பல்லாண்டு பாடம் சொன்ன எனக்கு அத்தொண்டின் அருமை நன்கு விளங்குகிறது.

முப்பது ஆண்டுகள் சென்றன. 1553 செப்டம்பரில், யூதர்களின் புத்தாண்டு நாளன்று, ரோம் நகரச் சதுக்கத்தில் தால்முத் பிரதிகளைக் குவித்து எரித்தனர். வெனிஸிலும் அவ்வாண்டே எரித்தனர். எஞ்சிய எபிரேய நூல்கள் பலவற்றில் தணிக்கையாளர் வரிகளை மையால் அழித்தனர். அவ்வேடுகள் அரியவையானதற்கு முதுமை மட்டும் காரணமன்று.

திரட்டுவோனுக்குக் கூரிய கண் வேண்டும். மிகப் பழைய அச்சு நூல்களில் முகப்பேடு இராது. அச்சிட்ட ஊரையும் ஆண்டையும் இறுதி ஏட்டில்தான் தேட வேண்டும். ஆண்டை எபிரேய எழுத்துகளாலேயே குறிப்பர். உலகத் தோற்றம் முதலாக எண்ணும் அவர்கள் கணக்கில் 5235 என்றால், நமக்கு அது 1474-75. யாக்கோபு பென் ஆஷேர் இயற்றிய சட்டத் தொகுப்பு இத்தாலியில் பியோவே தி சாக்கோ என்னும் ஊரில் அச்சேறியது அவ்வாண்டில்தான்.

இத்தகைய நூல்களைத் திரட்டியோருள் தலைசிறந்தவர் டேவிட் ஒப்பன்ஹைம். 1664இல் பிறந்த இவர் பிராக் நகரின் தலைமை ரபியாக விளங்கினார். பெருநூல்களோடு எளிய மக்கள் படித்த சிறு பிரசுரங்களையும் இவர் தள்ளாது சேர்த்தார். ஆயினும் தணிக்கைக்கு அஞ்சித் தம் நூலகத்தைத் தொலைவிலுள்ள ஹனோவர் நகரில், மாமனார் பாதுகாப்பில் வைத்தார். தேடிய செல்வத்தைத் தம் அருகில் வைத்துத் துய்க்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1736இல் அவர் மறைந்தபின் அந்நூல்கள் பல கை மாறின. ஹாம்பர்க் நகரில் பெட்டிகளுக்குள் நெடுங்காலம் கிடந்தன. 1829இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகம் 2,080 பவுனுக்கு அவற்றை வாங்கியது. அச்சு நூல்கள் ஏறத்தாழ 4,200. கையெழுத்துப் படிகள் ஏறத்தாழ 780. இன்றும் ஆராய்ச்சியாளர் அங்கு அவற்றைப் பயில்கின்றனர்.

"பூட்டி வைக்கவா?" என்றவர்க்கு இதுவே விடை: ஆம், திறந்து படிப்பவர் வரும்வரை பூட்டி வைக்கத்தான். ஒப்பன்ஹைம் அறியாத ஊரில், அவர் அறியாத தலைமுறையினர் படிக்கின்றனர். மாணவர்களே, பழுத்த தாளுடைய நூலொன்று உங்கள் கைக்கு வருமாயின், அதனைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடுமுன் முதல் ஏட்டையும் இறுதி ஏட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.