கப்பமா, போரா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கப்பம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. முன்னாளில் சிற்றரசன் பேரரசனுக்குச் செலுத்தியது. பின்னாளில் ஆளைக் கடத்தியவன் உறவினரிடம் கேட்டது. இன்று கணினியுள் நுழையுங் கள்வர், அங்குள்ள கணக்குகளையும் கடிதங்களையும் எவரும் வாசிக்கவொண்ணாத மறைகுறிகளாக மாற்றிவிட்டு, அவற்றைத் திறக்குஞ் சாவிக்கு விலை பேசுகின்றனர்.

இது வெறுங் களவுதானே, போர் என்னும் பெரும்பெயர் எதற்கு என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2017 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள் நடந்ததை அறிந்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

அன்று உக்ரேன் நாட்டில், கணக்கு எழுத உதவும் ஒரு மென்பொருளின் வழியாக நொட்பெட்யா என்னும் நச்சுநிரல் பரவிற்று. திரையிலே 300 டொலர் கப்பங் கேட்டது. கொடுத்தவர்க்கும் ஒன்றும் மீளவில்லை. மீட்கும் வழியே அதில் வைக்கப்படவில்லை. கள்வன் வேடத்தில் வந்தது படையேயாம். 2018 பெப்ரவரியில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ருஷ்ய இராணுவத்தைக் குற்றஞ்சாட்டின, ருஷ்யா மறுத்தது.

அத்தீ உக்ரேனோடு நிற்கவில்லை. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பற் கம்பனி 45,000 கணினிகளைப் புதிதாக ஆயத்தஞ் செய்ய நேர்ந்தது. அக்கம்பனியில் யார் எக்கணினியைத் திறக்கலாம் என்று சொல்லும் மூலப்பதிவு உலகெங்கும் அழிந்துபோக, கானாவிலே ஒரு பிரதி மட்டுந் தப்பியது. காத்தது எது என்கிறீர்கள்? மின்வெட்டு! மின்சாரமின்றி அந்தக் கணினி அவ்வேளை அணைந்து கிடந்தது. மின்வெட்டை வையாதவர் நம்மில் இல்லை. வாழ்த்தியவர்கள் இவர்களாகத்தான் இருத்தல் வேண்டும். அப்பிரதியை ஒருவர் நைஜீரியாவுக்குக் கொண்டுசெல்ல, மற்றொருவர் அங்கிருந்து இலண்டனுக்கு விமானத்தில் எடுத்துச் சென்றார்.

அமெரிக்க மருந்துக் கம்பனியாகிய மேர்க் நட்டஈடு கேட்டபோது, இது போர்ச்செயல், போருக்குத் தாம் பொறுப்பல்லர் என்று காப்புறுதிக்காரர் வாதித்தனர். நியூ ஜேர்சி நீதிமன்றமும், 2023 இல் மேன்முறையீட்டு மன்றும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. போர் என்ற சொல்லைப் பற்றிக்கொள்ள விரைந்தவர்கள் பணங் கொடுக்கவேண்டியவர்களே என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கொன்டி என்னுங் கள்வர் கூட்டம் 2022 இல் கொஸ்தாரிக்கா அரசின் கணினிகளை முடக்க, அந்நாட்டு ஜனாதிபதி அவசரநிலை பிரகடனஞ் செய்து, தம் நாடு போரில் இருப்பதாகவே சொன்னார்.

நம் நாடும் தப்பவில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சற் சேவை இவ்வாறே தாக்குண்டது. ஏறக்குறைய 5,000 முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அக்காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை.

இதை அறிந்தபின், நம் சங்கத்தின் அங்கத்தவர் பதிவு எங்கேயிருக்கிறது என்று விசாரித்தோம். ஒரேயொரு கணினியில், பிரதி இல்லை. வரும் ஞாயிறன்று பிரதியெடுத்து, எந்தக் கணினியோடும் இணைக்காமல் இரும்புப் பெட்டியில் வைப்பதாகச் செயலாளர் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். பெட்டிச் சாவி பொருளாளர் ஐயாவிடம் இருக்கும்.