மூட்டையில் எழுதாத சங்கதி



கழிவுநீர்க் கசடைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் காலையிலேயே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். வாழ்த்துரைக்கான நேரத்தையும் கசடுக்கே கொடுத்துவிடுகிறேன்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் தன் கசடைச் சூட்டில் உலர்த்தி, ‘மில்ஆர்கனைட்’ என்ற பெயரில் விற்றுவருகிறது. கசடைக் கடலில் கொட்டிவந்த நியூயார்க், 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பணிந்து 1992இல் அதை நிறுத்தியது. கடல் அடைபட்டதும் எல்லார் கண்ணும் மண்மேல் விழுந்தது. 1993இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை கொண்டுவந்த 503ஆம் விதி அதற்கு வழி செய்தது. அது ஏற்கும் மக்கவைப்பு முறைகளில் ஒன்றில், கசடை மரச்சில்லுகளோடு கலந்து, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, குவியலை 55 டிகிரிக்குக் குறையாமல் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். கிருமிகளும் ஒன்பது உலோகங்களும் வரம்புக்குள் இருந்தால், மூட்டை கட்டி யாருக்கும் விற்கலாம்.

கிருமி விஷயத்தில் இந்த முறையை நான் குறை சொல்லமாட்டேன். குடற்புழு முட்டையும் சால்மோனெல்லாவும் அந்தச் சூட்டில் சாகும். காட்மியம் சாகாது. கரிமப்பொருள் சிதைந்து காற்றோடு போகப்போக, எஞ்சும் எடையில் உலோகத்தின் பங்கு கூடத்தான் செய்யும். மரச்சில்லு அதை நீர்த்துக் காட்டுகிறது, அவ்வளவே. ஒட்டாத வாணலி, நீர் புகாத துணி, தீயணைப்பு நுரை இவற்றிலிருந்து வரும் பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்கள் இன்னும் பொல்லாதவை. அவற்றின் மூலச் சேர்மங்கள் சில குவியலுக்குள்ளேயே உடைந்து, எளிதில் அழியாத அமிலங்களாக மாறுகின்றன. மக்கவைத்த பிறகு இவ்வமிலங்களின் அளவு கூடியிருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 503ஆம் விதியை வகுத்தபோது இவற்றுக்கு வரம்பே வைக்கவில்லை. கசடில் காணப்பட்ட 352 பொருள்களின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் நிலையில் சூழல் பாதுகாப்பு முகமை இல்லை என்று, அதன் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2018இல் எழுதியது.

உழவர் வயலில் இடும் சாதாரணக் கசடுக்குக் கணக்கும் கட்டுப்பாடும் உண்டு. உயர்தரம் என்று தேறிய மூட்டை கடைக்குப் போனதும் அதன் தடம் மறைந்துவிடுகிறது. வாங்குபவர் கீரைப் பாத்தியில் ஆண்டுதோறும் கை போன போக்கில் கொட்டுகிறார். மண்ணைச் சோதிப்பவர் அரிது. சான் பிரான்சிஸ்கோ நகரம் இத்தகைய உரத்தை ‘ஆர்கானிக்’ என்று சொல்லி வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. அந்நாட்டு இயற்கை வேளாண் விதிகளோ கசடை அடியோடு விலக்குகின்றன. 2010இல் எதிர்ப்பு கிளம்பி, வழங்கல் நின்றது. உரத்தின் தரத்தைவிட, அது எதிலிருந்து வந்தது என்று மூடிவைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. தெரிந்து வாங்குபவர் ரோஜாவுக்குப் போடுவார், முள்ளங்கிக்குப் போடமாட்டார்.

தடையால் தீர்ந்துவிடுமா? மெய்ன் மாநிலம் 2022இல் கசடை நிலத்தில் இடுவதையும் கசடு உரம் விற்பதையும் தடுத்தது. அடுத்த ஆண்டே குப்பைக் கிடங்கு தாங்காமல், கசடு லாரி ஏறிக் கனடாவுக்குப் போயிற்று. தொழிற்சாலை வடிகாலை வீட்டுச் சாக்கடையோடு சேர விடாமல் தடுப்பதுதான் முதல் வேலை என்பது என் கட்சி. அதற்கு நகராட்சிகள் ஆலைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். தோட்டக்காரரிடம் தள்ளிவிடுவது சுலபம்.

முதல் அமர்வின் கட்டுரைகள் குவியலின் வெப்பநிலை பற்றியவை. ஒவ்வொருவரிடமும் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: உங்கள் கசடு எந்தெந்த ஆலைகளின் குழாய் வழியே வந்தது? பதிலோடு மேடைக்கு வாருங்கள்.