கறுப்புக் கையுறைகள்



உருவப்படம் ஒருவரை அழகுறக் காட்டவேண்டுமா, உள்ளவாறு காட்டவேண்டுமா? இவ்வினாவை ஆராய, சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் மாநகரில் வாழ்ந்த இருவரை உங்களுக்கு அறிமுகம் செய்விக்க விரும்புகிறேன்.

ஒருவர், 1865இல் பிறந்த ஈவெட் கில்பேர். காபரே எனப்படும் கேளிக்கை அரங்குகளில் பாடிப் பெரும்புகழ் ஈட்டியவர். மெலிந்த மேனி, நீண்ட கழுத்து, முழங்கைக்கு மேலும் ஏறிய கறுப்புக் கையுறைகள். வறுமையில் சிக்கனம் கருதி அவர் தேர்ந்த அக்கையுறைகளே பின்னர் அவருடைய அடையாளமாயின.

மற்றவர், துலூஸ் லோத்ரெக் (1864–1901) என்னும் ஓவியர். 1894இல் அவர் ஈவெட்டுக்கென ஒரு விளம்பரப்படம் தீட்டினார். கூரிய மூக்கையும் நெளிந்த வாயையும் அதிற்கண்ட ஈவெட், தம்மை இத்துணை அழகற்றவராகத் தீட்டலாகாது என வருந்தி எழுதி, அதனை ஏற்க மறுத்தார்.

ஓவியரோ தம் நோக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வாண்டிலேயே, ஈவெட்டைப் பற்றி அவர் வரைந்த 16 கல்லச்சுப் படங்கள் தொகுதியாக வெளிவந்தன. மேலட்டையில் பாடகியின் முகம் இல்லை. கையுறைகள் மட்டுமே கிடக்கின்றன! அச்சிட்ட 100 பிரதிகளிலும் ஈவெட் தம் கைப்படக் கையொப்பமிட்டார்.

மறுத்தவரே கையொப்பமிட்டது எதனால்? அப்படங்களில் முகப்பொலிவு குறைவுதான். ஆனால் அவருடைய கலை முழுதும் அவற்றில் உண்டு. உயர்ந்த புருவம் கேலி பேசுகிறது. கை கதை சொல்கிறது. அழகு கூட்டி வரைதல் முகமன். உற்று நோக்கி வரைதலே உண்மையான மதிப்பு என்பது என் துணிபு.

மாணவர்களே, ஓவியத்தின் முன் நிற்கையில், ‘அழகாக உள்ளதா?’ என்பதோடு நில்லாமல், ‘இவர் யார் என்று சொல்கிறதா?’ என்றும் கேளுங்கள்.