திறவுகோலையும் காப்போம்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சங்கப் பாடலும் சிறுகதையும் பேசிவந்த இவ்வரங்கில் கணிப்பொறி நிரலைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், தொண்ணூறுகளின் இறுதியில் நடவுப் பாடல்கள் பலவற்றைத் திரட்டி, அந்நாளில் வழங்கிய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து வைத்தார். பின்னாளில் புதிய கணிப்பொறியில் அக்கோப்பைத் திறந்தபோது, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் இலத்தீன் எழுத்துகளும் புரியாத குறிகளுமே நின்றன. பாடல் அழிந்துவிடவில்லை, பூட்டப்பட்டுக் கிடந்தது. பழைய எழுத்துருவின் எண்களை யூனிகோடு எண்களாக மாற்றும் சிறு நிரல் ஒன்றை இளைஞர் ஒருவர் எழுதித் தந்தார். அதனை இணையத்தில் இலவசமாக இடம் தந்த ஒரு தளத்தில் வைத்திருந்தார். சில ஆண்டுகளில் அத்தளம் மூடப்பட்டது. நிரலும் அதனோடு போயிற்று. மீதிப் பாடல்களுக்காக நிரலை முதலிலிருந்து எழுத நேர்ந்தது. எழுத்துக்கு முன்னே நிற்கும் ஒற்றைக் கொம்பைப் பின்னே கொண்டுசெல்லும் பகுதியில், முன்பு கண்டு திருத்திய பிழையே மறுபடியும் புகுந்தது. அன்று எவ்வாறு திருத்தினோம் என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் நம்மிடம் இல்லை.

நம் நகரின் பெயரைத் தாங்கிய ஒரு முயற்சியை இங்கே நினைவுகூர வேண்டும். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி எவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வைத்தது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார்; பல நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சும் மெய்ப்பும் பார்த்தனர். முதலில் பழைய எழுத்துருக்களிலும், பின்னர்த் திஸ்கியிலும், அதன் பின் யூனிகோடிலும் அந்நூல்கள் வெளிவந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மாற்றி நிரல்கள் வேண்டியிருந்தன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அப்பக்கங்கள் மிக எளியவை. உள்நுழையக் கடவுச்சொல் கேட்பதில்லை. தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பது தலைப்பில் இருக்கும். கடைசியாகத் திருத்திய நாளும் குறிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் அந்நாளில் திருத்தியது எதனை? 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அவர்கள், தம் பதிப்புகளில் பிரதிபேதங்களைக் குறித்துவைத்த அருமையை இவ்வவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணியை நிரலுக்கும் மின்னேட்டுக்கும் செய்யும் கருவி ஒன்று உண்டு. லினக்ஸ் உட்கருவின் நிரலைப் பேணுவதற்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய 'கிட்' என்பதே அது. எந்த வரி மாறிற்று, யார் மாற்றினார், எந்நாளில், எதற்காக என்ற நான்கையும் அது பதிந்துகொள்ளும். ஒவ்வொரு பதிவுக்கும், வழக்கமான முறையில், நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. முந்தைய பதிவின் அடையாளமும் அதன் கணக்கில் சேர்வதால், பழைய ஏட்டை ஒருவர் ஓசையின்றித் திருத்தினால் பின்வருவன அனைத்தின் அடையாளமும் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். படியெடுப்பவர் வழக்கமாகக் கடைசி வடிவத்தோடு முழு வரலாற்றையும் பெறுகிறார்.

இதனை எங்கே வைப்பது என்பதே அடுத்த கேள்வி. பெருநிறுவனங்களின் தளங்கள் வசதியானவை, நானும் பயன்படுத்துகிறேன். எனினும் யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009இலும், கூகுள் கோடு 2016இலும் மூடப்பட்டதை மறக்கலாகாது. ஆகவே நாம் வாடகை செலுத்தும் ஒரு சிறு சேவையகத்தில், நம் பெயரிலான முகவரியில் வைத்துக்கொள்வது நலம். அதற்கும் இருவழி உண்டு. ஒன்று, வாசகர் கேட்கும்போதெல்லாம் தரவுத்தளத்திலிருந்து பக்கத்தைச் சமைத்துத் தருவது. நம் ஊர் இரவுக்கடையைப் போல, அடுப்படியில் ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். இரண்டாண்டு கவனியாது விட்டால் அந்நியர் புகுந்துவிடுவர். மற்றது, பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி அச்சிட்ட நூலைப்போல அடுக்கி வைத்துவிடுவது. 'ஸ்டாகிட்' என்னும் சிறு நிரல் இவ்வேலையைச் செய்கிறது: கிட் களஞ்சியத்தைப் படித்து, திருத்தங்களின் பட்டியல், கோப்புகள், ஒவ்வொரு திருத்தத்திலும் நீங்கிய வரியும் சேர்ந்த வரியும் ஆகியவற்றை எளிய வலைப்பக்கங்களாக எழுதித் தருகிறது. புதிய திருத்தம் வந்து சேரும்போது மட்டும் அது இயங்கினால் போதும். களஞ்சியத்தையும் அருகிலேயே வைத்து, அதன் உள்ளடக்கப் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை ஒன்றை இயக்கிவிட்டால், எவரும் அதனை முழுமையாகப் படியெடுக்கலாம். வேறு சேவையகத்துக்குக் குடிபெயர நேர்ந்தால், பெரும்பாலும் ஒரு கோப்புறையை நகலெடுப்பதோடு வேலை முடிந்துவிடும்.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. பல்லாயிரம் திருத்தங்கள் கொண்ட பெருங்களஞ்சியத்துக்கு இம்முறை பொருந்தாது. முதல்முறை பக்கங்களை ஆக்கவே நெடுநேரம் பிடிக்கும். வாசகர் அங்கேயே கருத்தெழுத இடமில்லை. பிழை கண்டவர் மின்னஞ்சலில்தான் எழுத வேண்டும். லினக்ஸ் உட்கருவுக்கே திருத்தங்கள் மின்னஞ்சல் வழியாகத்தான் செல்கின்றன என்பதால் இதை நான் பெருங்குறையாகக் கருதவில்லை. வாடகை கட்டுகிறவர் மறைந்தால் என்ன செய்வது என்பதுதான் என்னை உறுத்துவது. அதற்கு என்னிடமுள்ள விடை ஒன்றே: குறைந்தது மூவர் வீட்டில் முழுப்படி இருக்க வேண்டும்.

இரண்டாம் முறை எழுதிய அந்த மாற்றி நிரலையும் நடவுப் பாடல்களையும் இப்படியே இரு களஞ்சியங்களாக வைத்திருக்கிறோம். முதல் பதிவின் குறிப்பில் அவ்விளைஞர், "ஒற்றைக் கொம்பு இடம் மாறும் பிழை, முன்பும் வந்தது" என்று எழுதியிருக்கிறார். ஒரு படி என் வீட்டிலும், மற்றொன்று மேலூரிலும் உள்ளன. மூன்றாம் படிக்கு இவ்வவையில் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்; கூட்டம் முடிந்ததும் வாயிலருகே நிற்பேன்.