விடுவிப்பறையும் கைகாட்டி மரமும்

(நம் சங்கத்தைச் சேர்ந்த சிறுதொழில் அன்பர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே சிக்னல் பண்டகசாலையில் பேரேடு எழுதிவரும் எளியேனைப் பொறியாளர் நிறைந்த இந்த அவையில் பேசப் பணித்தது செயலாளரின் துணிச்சல் என்றே சொல்வேன். எனினும், ரிலேக்களையும் பூட்டுகளையும் பெயர் பெயராக எழுதி எழுதி, அவற்றின் குணம் எனக்குச் சிறிது பழகியிருக்கிறது.

‘எஸ்கேப் ரூம்’ என்று நம் பிள்ளைகள் சொல்லும் விளையாட்டை இங்கே விடுவிப்பறை என்றழைக்கிறேன். 2007-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ நகரில் டக்காவோ கட்டோ என்பவர் இதனை மேடையேற்றினார். இன்று கோரமங்களாவிலும் இந்திராநகரிலும் பிறந்தநாள் கொண்டாடும் இளைஞர்கள் பணம் கொடுத்து அறைக்குள் அடைபட்டு, ஒரு மணி நேரத்திற்குள் புதிர்களை அவிழ்த்து வெளிவருகின்றனர். வீட்டில் ஐந்து நிமிடம் அறையைச் சாத்தினால் கூச்சலிடும் பிள்ளைகள்தாம் இவர்கள்!

இந்த அறைகளுக்கு வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து தரும் வேலை உங்களில் சிலரைத் தேடி வந்திருப்பதாக அறிந்தேன். பெட்டியின் உள்ளடக்கம் எளியது. புத்தகம் ஒன்றில் சிறு காந்தம் மறைந்திருக்கும். அதனை அலமாரியில் உரிய இடத்தில் வைத்தவுடன் பின்புறத்து ரீடு ஸ்விட்ச் இணையும். அர்டுயினோ போன்ற பலகை அதனை உணர்ந்து ரிலேக்குக் கட்டளையிடும். மின்காந்தப் பூட்டு விடுபடும். எஸ்.பி. சாலையில் ஒரு மாலைப்பொழுதில் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். முதற்புதிர் தீராமல் இரண்டாவது திறவாது என்னும் ஒழுங்கும் புதிதன்று. தண்டவாளப் பாயிண்ட் சரியாக அமையாமல் கைகாட்டி இறங்காது என்னும் பிணைப்புக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856-லேயே உரிமை பெற்றுவிட்டார்.

ஆகவே பூட்டைத் திறக்கும் வித்தையை நான் சொல்ல வேண்டியதில்லை. கருவி கெட்டால் பூட்டு எப்பக்கம் விழும் என்பதைப் பற்றியே பேச வந்தேன்.

கைகாட்டியின் கம்பி அறுந்தால், எடைக்கட்டி அதன் கையை ‘நில்’ என்னும் நிலைக்கே கொண்டுவந்துவிடும். 1872-இல் வில்லியம் ராபின்சன் வகுத்த தண்டவாள மின்சுற்றிலும் இதே நெறிதான். மின்னோட்டம் இருக்கும்வரையே ரிலே தூக்கி நிற்கும். எங்கே முறிந்தாலும் அது விழுந்து அபாயம் காட்டும். இரயிலுக்கு நிற்பதே காப்பு. அறைக்குள் இருக்கும் மனிதருக்கோ திறப்பதே காப்பு. நெறி ஒன்று, திசை நேர்மாறு. வீட்டுக் கதவுக்கும் வங்கிக் கதவுக்கும் பூட்டுச் செய்து பழகிய கை இங்கே தடுமாறக்கூடும்.

மின்காந்தப் பூட்டு இதற்குத் தகுந்ததே. மின்சாரம் நின்றால் தானே விட்டுவிடும். ஆனால் சந்தையில் கிடைக்கும் 600 பவுண்டுப் பூட்டு, மின்சாரம் உள்ளவரை ஏறத்தாழ 270 கிலோ இழுவையையும் தாங்கும். பள்ளிப் பிள்ளைகளின் தோள்வலிமை அதற்கு ஈடாகாது. நம் ஊர் மின்வெட்டில் விளையாட்டு நின்றுவிடக் கூடாதென்று உரிமையாளர் யு.பி.எஸ். ஒன்றை இணைப்பார். அந்த நொடியே பூட்டின் நற்குணம் போய்விடுகிறது! எனவே அவசரப் பொத்தான் யு.பி.எஸ்ஸுக்கும் பூட்டுக்கும் நடுவே, மின்கம்பியையே துண்டிப்பதாக அமைய வேண்டும். பொத்தானை அழுத்தினால் பலகைக்குச் செய்தி போகும், பலகை பூட்டைத் திறக்கும் என்ற ஏற்பாட்டை ஏற்காதீர்கள். பலகை உறைந்துபோனால் செய்தியைக் கேட்பார் எவர்? தீயறிவிப்பு மணியின் தொடர்பும் அவ்வாறே கம்பியைத் துண்டிக்க வேண்டும்.

ரிலேயின் முனைகள் பற்றியும் ஒரு சொல். காந்தச்சுருளின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது பொறி பறக்கும். மலிவான ரிலேயின் முனைகள் நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளலாம். பிறகு ரிலே விழுந்தாலும் பூட்டு விடாது. எங்கள் சிக்னல் ரிலேக்களில் ஒரு முனை உலோகம், மறுமுனை கரி. இவை உருகி ஒட்டுவதில்லை. அந்த விலை உங்களுக்குக் கட்டுப்படியாகாது. சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடுங்கள், சில ரூபாய்தான். அதற்கும் மேலாக, எந்த மின்சாரத்தையும் நம்பாத கைப்பிடி ஒன்று உட்புறம் இருக்கட்டும். அதனால் விளையாட்டின் சுவை கெடும் என்று உரிமையாளர் வாதிடுவார். கெடட்டும்.

இது வெறும் அச்சமன்று. 2019 ஜனவரி 4-ஆம் நாள் போலந்து நாட்டின் கோஷலின் நகரில், பிறந்தநாள் கொண்டாட விடுவிப்பறைக்குச் சென்ற 15 வயதுப் பெண்கள் ஐவர், தீப்பற்றியபோது வெளியேற வழியின்றிப் புகையில் மாண்டனர். அதன்பின் அந்நாட்டு அரசு இத்தகைய அறைகளைச் சோதித்துப் பலவற்றை மூடியது. நம் பழைய விமான நிலையச் சாலையிலே கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23 அன்று ஒன்பது பேர் இறந்ததை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்ததாக அப்போது செய்திகள் வந்தன. அது விளையாட்டுக்காகக் கட்டிய இடமும் அன்று.

இன்னொன்று, என் துறையிலிருந்தே சொல்கிறேன். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்தில், சிக்னல் மின்சுற்றை மாற்றியமைத்தபோது நேர்ந்த பிழையை விசாரணை காட்டியது. விடுவிப்பறையிலோ சில மாதங்களுக்கொரு முறை கதை மாறும், புதிர் மாறும், கம்பியும் மாறும். கம்பி மாறிய நாளெல்லாம் முழுச் சோதனை நடத்த வேண்டுமென்று விற்பனைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பது, பிறகு யு.பி.எஸ். ஓடும்போதே பொத்தானை அழுத்திப் பார்ப்பது, பிறகு உள்ளே ஒருவரை நிறுத்திக் கைப்பிடியைத் திருகச் செய்வது. பத்து நிமிடத்து வேலை. செய்தவர் கையொப்பமிட ஒரு பேரேடும் இருக்கட்டும். குமாஸ்தாவின் புத்தி அப்படித்தான் போகும், பொறுத்தருளுங்கள்.

நாடகக் குழுவினர் அரிதாரம் பூசிக் காத்திருக்கின்றனர். ஐயங்கள் உள்ளவர்கள் உணவுப் பந்தியில் கேட்கலாம். ரீடு ஸ்விட்சும் ரிலேயும் என் பையில் இருக்கின்றன.